ஊதா நூல்

அத்தியாயம் 17

போன வெள்ளிக்கிழமை அக்காக்காரி தங்கையிடம் தொலைபேசியில் "சரி" என்று சொன்னது நினைவிருக்கும். சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது அவள் கட்டைவிரலில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏற்றுமதித் தையல் ஆலையில் செக்கர் வேலை பார்க்கிறவர்கள், பிசகு கண்ட இடத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர். அதை உரித்துப் போடும்போது, இதை ஒட்டியிருக்க வேண்டிய இடம் தன் வாய்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் "சரி" இரண்டு பஸ் மாறி, பதினோரு மாடி லிஃப்ட் ஏறி, தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றது.

கதவைத் திறந்தது தங்கையின் கணவர். பல் டாக்டர். மனிதர் யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார்.

"வாங்க, வாங்க. அந்தக் கடைவாய்ப் பல் என்ன ஆச்சு?"

"இருக்கு."

"இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சோபாவுக்குத் திரும்பிப் போனார். அக்காவோடு அவருடைய ஒரு வருடத்துப் பேச்சு அதோடு முடிந்தது.

தங்கை உள்ளிருந்து வேகமாக வந்தாள். வந்தவள் அக்காவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"என்னக்கா இது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி?"

அக்கா தன் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இருப்பதில் நல்லது அதுதான். நேற்றே இஸ்திரி போட்டு மடித்து வைத்தது.

"நாலு பேர் வர்ற இடம்னு நீதானே சொன்னே?"

"நாலு பேர் வருவாங்க. ஆனா நீ அந்த நாலு பேர்ல சேத்தி இல்லையேக்கா. நீ தைக்கிறவ. ஜரிகை போட்டுக்கிட்டு உக்காந்தா யாரு நம்புவா?"

அவள் கையில் ஒரு நூல்சேலை தயாராக இருந்தது. பழையது, வெளுத்தது. ஓரத்தில் லேசாகக் கிழிசல்கூட இருந்தது. அதைத் தேடி எடுக்கத் தங்கை எத்தனை அலமாரியைக் குடைந்திருப்பாள் என்று அக்கா யோசித்தாள். இந்த வீட்டில் கிழிந்த துணி சுலபத்தில் கிடைக்காது.

விஷயம் இதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் இன்று 'நேர்மைச் சந்தை'. யாருடைய வயிற்றிலும் அடிக்காமல் செய்த பொருள்களை மட்டும் வாங்குவோம் என்று உறுதி எடுக்கிற விழா. ஏற்பாடு முழுக்கத் தங்கையுடையது. மலையடிவாரத்துப் பெண்கள் தைத்த துணிப்பைகள்தான் சந்தையின் நடுநாயகம். தைத்தவர்களில் ஒருத்தி நேரில் வந்து மேடையில் பேசுவாள் என்று அழைப்பிதழில் அச்சடித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் அந்தப் பெண் வரவில்லை. தையல் தெரிந்த முகம் ஒன்று உடனே வேண்டும். தங்கைக்கு அக்கா ஞாபகம் வந்தது. வருடத்தில் இரண்டு முறை வரும் ஞாபகம்.

ஏன் ஒத்துக்கொண்டாள் என்றால், அதற்கான காரணம் இப்போது சமையலறைப் பக்கத்திலிருந்து காகிதத் தம்ளர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அவள் மகள்.

மூன்று வருடமாக மகள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். லேப் டெக்னீஷியன் படிப்பு, கடைசி வருடம். கல்லூரி இங்கிருந்து மூன்றே தெரு. அம்மா வீட்டிலிருந்து என்றால் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். விடுதி கிடையாது. பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. சித்தி வீட்டில் தங்குவதற்கு யாரும் வாடகை கேட்டதில்லை. அவ்வப்போது ஒரு "சரி" கேட்பார்கள், அவ்வளவுதான்.

"அப்புறம் ஒண்ணு" என்றாள் தங்கை, அக்காவின் கொண்டையை அவிழ்த்துச் சாதாரணமாக முடிந்துவிட்டுக்கொண்டே. "அங்க நான் உன்னை அக்கான்னு கூப்பிட மாட்டேன். தப்பா எடுத்துக்காதே. இவளும் அம்மான்னு கூப்பிட வேண்டாம். கேக்கிறவங்களுக்குக் குழப்பமாயிடும்."

மகள் தம்ளர் அடுக்கைக் கீழே வைத்தாள். "வேற என்னன்னு கூப்பிடறது, சித்தி?"

"எதுக்குக் கூப்பிடணும்? டீயை நீட்டு, போதும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலை மடிப்பைப் பார்த்தாள். சோபாவிலிருந்து பல் டாக்டர் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. அக்காவுக்குப் பேசாமலிருப்பது ஒன்றும் புதிதில்லை. பதினொரு வருடமாக, மெஷின் இரைச்சலுக்கு நடுவே, எட்டு மணி நேரம் நின்றுகொண்டு பேசாமலிருப்பதுதான் அவள் தொழில். ஆனால் அங்கே பேசாமலிருந்தால் சம்பளம் உண்டு.

"சரி" என்றாள்.

*

சமுதாயக் கூடம் பக்கத்துக் கட்டடத்தில்தான். நடந்தால் இரண்டு நிமிடம். தங்கை காரில் போனாள்.

கூடத்து வாசலில் காவலாளி வெயிலில் நின்றிருந்தார். அவருடைய நாற்காலியை எடுத்து அதன்மேல் பதாகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பதாகை சொன்னது: "ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார்." பதாகைக்குப் பின்னால் காவலாளி நின்றார்.

உள்ளே சோப்பு, மெழுகுவர்த்தி, மரச்சீப்பு, காப்பிக்கொட்டை, காய்ச்சி வடித்த ஏதோ எண்ணெய். எல்லாவற்றின் கழுத்திலும் ஒரு சின்ன அட்டை, அட்டையில் சிரிக்கிற முகம். வந்திருந்தவர்கள் அட்டையைப் படித்து "அய்யோ பாவம்" என்று நெகிழ்ந்தார்கள். நெகிழ்ந்த கையோடு, "ரெண்டா எடுத்தா குறைச்சுக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

கருப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மாள், வேலைக்காரப் பெண்ணின் தலையில் இரண்டு அட்டைப்பெட்டியை ஏற்றி, "லிஃப்ட்ல போகாதே, மார்பிள்ல கறை ஆயிடும், படியில போ" என்று அனுப்பிவிட்டுத் திரும்பி, உறுதிமொழிப் பலகையில் கையெழுத்துப் போட்டாள். ரொம்ப அழகான கையெழுத்து.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு எதிரில் இருப்பவர்கள்மேல் கொஞ்சம் மதிப்பாவது வேண்டும். ஆலையில் பிசகுள்ள சட்டை வந்தால் அவள் கோபப்படுவதில்லை, அம்பை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். இங்கே சுற்றிவரப் பார்த்தபோது, ஒரு சுருள் அம்பு போதாது என்று தோன்றியது. பிறகு, வெளுத்த சேலையில் நிற்கிற தன்னையும் நினைத்தாள். அவளுக்கும் ஒன்று வேண்டும்.

பைகளுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு தலைவர் இருந்தார். லினன் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, எளிமையாகத் தெரிவதற்கு நிறையச் சிரமப்பட்ட தாடி. 'நிறுவனர்' என்றார்கள்.

"இவங்கதானா? பிரமாதம்!" என்றார் தங்கையிடம், அக்காவைச் சந்தையில் பசு பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்து. "கை நல்லா காய்ச்சிருக்கு. கையை மடியில வைக்காம மேசைமேல வைக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்."

"கேள்வி நான் கேப்பேன். ஒரு பைக்கு எவ்வளவு நேரம்னு கேட்டா, ஒரு முழு நாள். எங்க தைப்பீங்கன்னா, மர நிழல்ல. ஞாயித்துக்கிழமைன்னா, லீவு, குழந்தைங்களோட. போதும், நீளமா வேண்டாம்."

அவர் நகர்ந்த பிறகு அக்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எதிரில் அறுபது பைகள். சும்மா இருக்க முடியாத கை, பை ஒன்றை எடுத்தது. இடது கையை உள்ளே விட்டு, அடியைப் பிடித்து, ஒரே இழுப்பில் உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். ஒரு பைக்கு இருபது நொடி, அதுதான் அவள் கணக்கு. ஓரம், அடி, மூலை, கைப்பிடி.

கைப்பிடியில் அவள் விரல் நின்றது.

கைப்பிடி கழன்றுவிடாமல் இருக்கச் சதுரமாகக் கோடு போட்டு, நடுவில் குறுக்கே பெருக்கல் குறி தைப்பார்கள். பெட்டித் தையல். இதில் சதுரத்தின் ஒரு பக்கம் ஓடவே இல்லை.

அவள் உள்மூலையைப் புரட்டினாள். அங்கே, நகக்கண் அளவு, வெட்டாமல் விட்ட ஒரு நூல். ஊதா.

அவர்கள் ஆலையில் அது ஒரு வழக்கம். பையோ சட்டையோ குறை என்று திரும்பி வந்தால், யார் பார்த்து விட்டது என்று தெரிய வேண்டும். லேபிளை வெட்டிவிடலாம், சீட்டைக் கிழித்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு செக்கரும் உள்மூலையில் தன் நிறத்தில் ஒரு முடிச்சு விடுவாள். ஒருத்தி மஞ்சள், ஒருத்தி பச்சை. பதினொரு வருடமாக ஊதா என்றால் அவள்தான்.

அடுத்த பையைத் திருப்பினாள். ஊதா. அதற்கடுத்தது. ஊதா.

போன மாதம் வந்த அவசர ஆர்டர். நான்கு ஞாயிறு விடுமுறை கிடையாது என்றார்கள். ஒரு மெஷின் கோளாறில் கைப்பிடியில் ஒரு கோடு ஓடாமலே வந்தது. அவள் அம்பை எடுத்தாள். மேனேஜர் வந்து நின்றார். "உள்பக்கத்தை எவன் திருப்பிப் பாக்கப் போறான்? விடும்மா." அவள் விட்டாள். அம்பை ஒட்டாமல், ஊதா முடிச்சைப் போட்டு, அறுநூறு பையை விட்டாள். பெட்டிக்குள் போன அந்தப் பைகள் மலையடிவாரத்துக்குப் போய், மர நிழலில் பாட்டுப் பாடிவிட்டு, இங்கே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

சிரிப்பு வந்தது. தைத்தவளாக நடிக்கக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஊரெல்லாம் தேடி, பொய்யாக உட்கார வைக்கிறோம் என்று நினைத்து, அந்தப் பை கடந்து வந்த கையையே கூட்டி வந்துவிட்டார்கள். இந்தக் கூடத்தில் தப்பித் தவறி நடந்த ஒரே நேர்மையான காரியம் அது.

தங்கையைக் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"இது எங்க கம்பெனி பை."

"எது?"

"எல்லாம். நான் பாத்து விட்டது."

தங்கை சிரித்தாள். அக்கா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு தூரத்தில் நின்ற நிறுவனரைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது என்பது அக்காவுக்குப் புரிந்தது. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதும் அடுத்த நொடியில் புரிந்தது.

"இருக்கவே இருக்காது" என்றாள் தங்கை. பிறகு, குரலைத் தழைத்து, "இருந்தாலும் இன்னிக்கு வேண்டாம்க்கா. நூத்தம்பது பேர் வந்திருக்காங்க. நான் யார் முகத்துல முழிப்பேன்?"

அக்கா பையின் மூலையிலிருந்த ஊதா முடிச்சை விரலால் தடவினாள்.

"உன் பொண்ணுக்கு ஏழு வாரத்துல பரீட்சை இல்ல?" என்றாள் தங்கை. ரொம்ப அன்பாகக் கேட்டாள். பையின் உள்பக்கத்தை மறுபடி உள்ளே தள்ளி, நீவி, மேசைமேல் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

*

மேடை என்பது அரையடி உயரப் பலகை. அதில் இரண்டு நாற்காலி, பைகளோடு தூக்கி வைத்த அந்த மேசை, ஒரு மைக். கூடத்தின் பின்வரிசையில் மகள் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றில் சித்தி வீட்டுச் சாவி.

"ஒரு பை தைக்க எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார் நிறுவனர், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

முழு நாள் என்று சொல்ல வேண்டும். அக்கா வாயைத் திறந்தாள். பதினொரு வருடத் தொழில் முந்திக்கொண்டது.

"முழுப் பையை ஒருத்தி தைக்க மாட்டா. ஒருத்தி வெட்டுவா, ஒருத்தி ஓரம் அடிப்பா, ஒருத்தி கைப்பிடி வைப்பா. எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம்."

முன்வரிசையில் தங்கையின் முதுகு நிமிர்ந்தது. நிறுவனர் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"பாத்தீங்களா! கூட்டு உழைப்பு! நான்தான் செஞ்சேன்னு ஒருத்தர்கூடப் பெருமை அடிச்சுக்கறதில்ல!"

கூட்டம் கைதட்டியது.

தலையில் கண்ணாடி ஏற்றிய அம்மாள் கையைத் தூக்கினாள். "ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவீங்க?"

"வேலைக்குப் போவோம். போன மாசம் நாலு ஞாயிறும் போனோம்."

"வேலையை எப்படி நேசிக்கிறாங்க!" என்றாள் அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம். கண்கூடக் கலங்கியது. மறுபடி கைதட்டல்.

அக்கா அவர்களைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கூரை இடியும் என்று பயந்திருந்தாள். ஒரு தூசுகூட விழவில்லை. வரும்போதே நெகிழ்வது என்று முடிவு செய்துகொண்டு வந்தவர்களிடம் எதைச் சொன்னாலும் நெகிழ்வார்கள். நாளை ஒருத்தி மெஷினில் விரலைக் கொடுத்தாள் என்று சொன்னால், "எவ்வளவு ஈடுபாடு" என்று எழுந்து நிற்பார்கள்.

நிறுவனர் ஒரு பையை உயர்த்தினார். கைப்பிடியை விரித்துக் காட்டினார்.

"இதைக் கவனிங்க. இந்தச் சதுரத்துல ஒரு கோடு விட்டுப்போயிருக்கு. மெஷின்னா அச்சு அசலா இருக்கும். இது மனுஷக் கை. இந்தக் குறைதான் இதோட அழகு!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். விட்டுப்போன கோடு அது. கனமாக எதையாவது வைத்து நான்கு நாள் தூக்கினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். அதற்கும் கைதட்டினார்கள்.

"கடைசியா ஒரு கேள்வி" என்றார் அவர். "இந்த வேலையில நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

கூடம் அமைதியானது. பதில் தெரிந்த கேள்விக்கு வருகிற அமைதி.

அக்கா பேசவில்லை. பத்து நொடி. பதினைந்து. இருபது நொடியில் அவள் ஒரு பையை முடித்துவிடுவாள். தங்கை திரும்பி, பின்வரிசையில் நின்ற மகளைப் பார்த்துவிட்டு, மெதுவாக மறுபடி மேடையைப் பார்த்தாள். அந்தப் பார்வை போய்த் திரும்பிய வழியை அக்காவும் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றாள். "சந்தோஷமா இருக்கேன்."

இந்த முறை கைதட்டல் நீண்டது. அன்று அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பின்வரிசையில் மகள் தட்டைக் கீழே வைத்தாள்.

அவள் யாரோ வாங்கி மடியில் வைத்திருந்த பையை, கேட்காமல், எடுத்தாள். இடது கையை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் திருப்பினாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் சீருடை மாறிப்போகும் போதெல்லாம் உள்மூலையைத் திருப்பி, அம்மா விட்ட ஊதா முடிச்சைக் காட்டித்தான் மீட்டு வந்திருக்கிறாள்.

மூலையைப் பார்த்தாள். பிறகு நடுவழியே மேடைக்கு வந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் நிறுவனர், சிரிப்பு மாறாமல்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. திருப்பிய பையை அம்மாவுக்கு முன்னால் மேசைமேல் போட்டாள். மைக் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, இது உன் நூல்தானே?"

'அம்மா' என்ற சொல் கூடம் முழுக்கக் கேட்டது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

"கீழ இறங்கு" என்றாள் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு. "சொல்றேன் இல்ல, இறங்கு."

"அம்மா, உன்னைத்தான் கேக்கறேன்."

அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏழு வாரம். இரண்டரை மணி நேரம் போக, இரண்டரை மணி நேரம் வர. எல்லாம் தெரிந்துதான் வந்து நிற்கிறது.

"என்னோடதுதான்" என்றாள் மைக்கில். "இது மலையடிவாரத்துல தைக்கல. எங்க ஆலையில தச்சது. கைப்பிடில கோடு விட்டுப்போனது அழகு இல்ல, மெஷின் கோளாறு. அறுந்துடும். தெரிஞ்சேதான் நான் விட்டேன்."

யாரும் கைதட்டவில்லை.

கண்ணாடி அம்மாள் தன் கையிலிருந்த பையை, அது ஏதோ கடித்துவிடும் என்பதுபோல, நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். நிறுவனர் ரப்பர் செருப்பு சப்திக்க ஜன்னல் பக்கம் போய்ப் போனைக் காதில் வைத்தார். தங்கை எழுந்து பலகை ஓரத்துக்கு வந்தாள். அக்காவிடம் பேசவில்லை. மகளிடம் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

மகள் கயிற்றைக் கழற்றினாள். முடிச்சு இறுகியிருந்ததால் கொஞ்ச நேரம் ஆனது. தங்கை கை நீட்டியபடியே காத்திருந்தாள். சாவி அந்தக் கையில் விழவில்லை. மேசைமேல், திருப்பிப் போட்டிருந்த பையின்மேல் விழுந்தது.

அக்கா அந்தப் பையை எடுத்தாள். சாவியை எடுத்து ஓரமாக வைத்தாள். தன் கைப்பையின் அடியில் எப்போதும் கிடக்கும் அரைச் சுருளைத் துழாவி எடுத்தாள். ஒரு சிவப்பு அம்பை உரித்து, கோடு ஓடாத இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு மாதம் தாமதமாக ஒட்டியது.

அவள் போன் அடித்தது. திரையில் 'மேனேஜர்' என்றிருந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து நிறுவனர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசைமேல் கவிழ்ந்தபடியே அதிர்ந்துகொண்டிருந்தது.

"அடுத்ததை எடு" என்றாள் மகளிடம்.